ஒண்ட வந்த பிடாரி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்கள். நான் சொல்லப்போகும் கதையில் ஒண்ட வந்தது யாரையும் விரட்டவில்லை. தான் இல்லாமல் வீட்டுக்காரர் உயிரோடிருக்க முடியாது என்று ஆக்கிவிட்டது.

1966இல் அமெரிக்காவில் குவாங் ஜியோன் என்ற உயிரியலாளர் வளர்த்துவந்த அமீபாக்களுக்கு நோய் கண்டது. ஒவ்வொன்றுக்குள்ளும் பல்லாயிரம் பாக்டீரியாக்கள். பெரும்பாலான அமீபாக்கள் செத்தன. நானாக இருந்தால் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருப்பேன். ஜியோன் பிழைத்தவற்றைப் பொறுமையாக வளர்த்தார். சில ஆண்டுகளில் அவை தேறிவிட்டன. பாக்டீரியா மட்டும் போகவில்லை. ஓர் அமீபாவுக்குள் சுமார் 40,000 குடியிருந்தன.

அப்புறம் ஒரு நுண்ணிய அறுவை. பழகிய அமீபாவின் உட்கருவை எடுத்து, பாக்டீரியா இல்லாத அமீபாவுக்குள் வைத்தார். பெரும்பாலும் பிழைக்கவில்லை. சாகக் கிடந்தவற்றுக்குள் அதே பாக்டீரியாவை ஊசியால் செலுத்தினார். எழுந்துகொண்டன! நோயாக வந்தது சில ஆண்டுகளிலேயே உறுப்பு மாதிரி ஆகிவிட்டது.

பயிரில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு இது மிகப் பழைய உறவு. சாற்றில் சர்க்கரை நிறைய, அமினோ அமிலங்கள் குறைவு. அந்தக் குறையை அதன் செல்களுக்குள் வாழும் பக்னெரா என்ற பாக்டீரியா தீர்த்துவைக்கிறது. தாயிடமிருந்து குஞ்சுக்கு என்று 10 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இப்படியே போகிறது. இதற்குள் பக்னெரா தன் மரபணுக்களில் பெரும்பகுதியைத் தொலைத்துவிட்டது. வெளியே வந்தால் அதற்கும் பிழைப்பு இல்லை. யார் யாரைச் சிறை வைத்தார்கள் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

சரி, நம் கதைக்கு வருவோம். நம் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாவின் வாரிசுதான் என்று அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967இல் எழுதினார். அந்தக் கட்டுரையைப் பதினைந்து இதழ்கள்போலத் திருப்பி அனுப்பின. இன்று அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக வட்ட வடிவ டி.என்.ஏ. உண்டு. மனிதரில் அதில் மிஞ்சியிருப்பது 37 மரபணுக்கள். மற்றவற்றில் பல உட்கருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. சில தொலைந்தே போயின.

பழைய அடையாளம் முழுதாக அழியவில்லை. குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக், பாக்டீரியா புரதம் தயாரிப்பதைத் தடுக்கும் மருந்து. அது மைட்டோகாண்ட்ரியாவின் புரதத் தயாரிப்பையும் நிறுத்துகிறது. அதனால்தான் அதை அதிக அளவில் எடுத்துக்கொள்பவர்களுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்த உற்பத்தி குறையக்கூடும். மருந்துக்கு இன்னமும் அது பாக்டீரியாதான்.