சீர்த்தட்டில் ஒரு மிருதங்கம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் கல்விச் சீர் என்று ஒரு வழக்கம் வந்திருக்கிறது. தாய்மாமன் சீர் போல ஊரே திரண்டு, தட்டெடுத்துக்கொண்டு அரசுப் பள்ளிக்குப் போவார்கள். முன்னால் மேளம். பின்னால் பீரோ, நாற்காலி, மின்விசிறி, குடம், நோட்டுக் கட்டு. ஆசிரியர்கள் வாசலுக்கு வந்து வரவேற்பார்கள். பார்க்கவே மனம் குளிரும். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? நாயனமும் தவிலும் பள்ளி வாசல்வரைதான் வரும். கூலி வாங்கிக்கொண்டு திரும்பிவிடும். உள்ளே போவது பீரோ.

நான் இசை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகையால் என் கண் அந்தத் தட்டுகளில் ஒரு ஜோடித் தாளத்தையாவது தேடும். இதுவரை கிடைத்ததில்லை.

"மேடை கட்டிக் கொடுத்தோமே ஐயா" என்பார்கள். கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஒரு பள்ளி மேடையைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் வேண்டாம், கேட்கிற பலருக்கும் தங்கள் ஊர் என்றே தோன்றும். மூன்று பக்கமும் சிமெண்டுச் சுவர், மேலே தகரம், நெற்றியில் உபயதாரர் பெயர்கள். மேடை மேற்கே பார்த்தது. ஆண்டு விழா நாலு மணிக்குத் தொடங்கியது. வெயில் நேராகப் பிள்ளைகள் முகத்தில். கும்மியடித்த சிறுமிகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டே அடித்தார்கள். அடுத்து, இரண்டு மாதம் பழகிய வில்லுப்பாட்டு. தொடங்கிய நேரம் பார்த்து மழை பிடித்தது. தகரத்தின் மேல் மழை விழுந்தால் என்ன கேட்கும்? மழைதான் கேட்கும். வில்லடித்த பையன் வாயசைத்ததைப் பார்த்தே ஊர் கை தட்டியது.

மழை இல்லாத நாளிலும் அந்த மேடையில் ஒரு தட்டுத் தட்டினால் மூன்று தட்டாகத் திரும்பி வரும். தவில் அடித்தால் பாட்டு காணாமல் போகும். இதற்கு லட்ச ரூபாய் வைத்தியம் வேண்டாம். தகரத்துக்கு அடியில் ஓலைத்தட்டி கட்டுங்கள். பின்சுவரில் பழைய சாக்குகளைச் சற்று இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். எதிரொலி குறையும். புதிதாகக் கட்டுகிறவர்கள் வடக்கோ தெற்கோ பார்க்கக் கட்டுங்கள். கொத்தனார் வாஸ்து பார்க்கிறார். வெயிலையும் பார்க்கச் சொல்லுங்கள். இதை எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் சொல்கிறேன். தகரம் சார் என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பரவாயில்லை.

மேடையே இல்லாத பள்ளிகள் பல. ஆனால் நாலு தெரு தள்ளி, தொகுதி நிதியில் கட்டிய கலையரங்கம் கோயிலருகே இருக்கும். திருவிழாவின்போது ஓர் இரவு வள்ளி திருமணம் நடக்கும். மற்ற நாட்களில் அங்கே நெல் மூட்டையும் மோட்டார் சைக்கிளும் குடியிருக்கும். வாரத்தில் இரண்டு பிற்பகல் அதைக் கூட்டிப் பள்ளிக்குத் திறந்துவிட என்ன செலவு? ஒரு துடைப்பம். முடிவெடுக்க ஆளும் இருக்கிறது: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு. அந்தக் கூட்டத்தில் கழிப்பறையும் சுற்றுச்சுவரும் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். கடைசியிலாவது கலையரங்கச் சாவியைக் கேளுங்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று பிள்ளைகள் ஏறிப் போகிறார்கள். வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். அதன் பிறகுதான் பல வீடுகளில் "பறை எங்கே கற்கலாம்?" என்று கேட்கிறார்கள். ஆனால் போட்டிக்கு வாடகைக்கு எடுத்த பறை மறுநாளே திரும்பிப் போய்விடுகிறது. 2012இல் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் நியமித்த பகுதிநேர ஆசிரியர்களுக்கு வாரம் மூன்று அரை நாள் வேலை. அதிலும் எல்லாப் பள்ளிக்கும் இசை ஆசிரியர் வாய்க்கவில்லை. மிச்ச நாட்களுக்கு ஊரில் ஆள் இல்லையா? வாசலோடு திரும்பிப் போன அந்த நாயனக்காரர் இருக்கிறாரே! தலைமையாசிரியர் அனுமதியோடு அவரை உள்ளே அழையுங்கள். சீருக்குக் கொடுக்கிற கூலியை மாதம் ஒரு முறை பாடத்துக்கும் கொடுங்கள். சும்மா வரச் சொல்லாதீர்கள், அது அவர் பிழைப்பு.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் அரசுப் பள்ளிக்கு நன்கொடை தர, அரசின் நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி திட்டம் இருக்கிறது. அதுவும் 2022இல் வந்ததுதான். பணம் அனுப்பும்போது...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் விரல் காட்டுகிறார். ஒரு நிமிடம்தானாம். வாத்தியப் பராமரிப்பு பற்றித் தனியாகக் குறிப்பு எழுதி வந்தேன். தகரம் அதன் நேரத்தைச் சாப்பிட்டுவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். மிருதங்கம் வாங்கிக் கொடுப்பவர்கள் வலந்தலை என்கிற வலப்பக்கத் தோலை மாற்றவும், தளர்ந்த வாரை இழுத்துப் பிடிக்கவும் ஆண்டுதோறும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். ஆர்மோனியத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். துருத்தியை எலி கடிப்பது பூட்டிய பீரோவில்தான். தோல் வாத்தியத்தை வெயிலில்... சரி, நேரமாகிவிட்டது. வணக்கம்.