ஒற்றைப் பல் கறுத்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

ராயபுரத்தில் நான் பல் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய காலத்தில், வியாசர்பாடியிலிருந்து ஒரு தாய் தன் பதினாறு வயது மகனை அழைத்து வந்தார். பையன் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டான். மேல்வரிசை முன்பற்களில் ஒன்று மட்டும் சாம்பல் நிறமாக இருந்தது. "கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவில்தான் கவனித்தேன், டாக்டரம்மா. திடீரென்று இப்படி ஆகிவிட்டது. வலி ஒன்றும் இல்லை என்கிறான்" என்றார் அந்த அம்மா. எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டேன். இல்லை என்றான். சற்று யோசித்த பிறகு, ஏழெட்டு மாதங்களுக்கு முன் கால்பந்து ஆடும்போது ஒருவனின் முழங்கை வாயில் இடித்ததையும், உதடு வீங்கியதையும் சொன்னான். வீக்கம் வடிந்ததும் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். பல் மறக்கவில்லை.

கதவிடுக்கில் நசுங்கிய விரலின் நகம் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். பல்லுக்குள்ளும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாய்களும் கொண்ட மென்மையான கூழ் இருக்கிறது. வேரின் நுனியில் உள்ள மிகச் சிறிய துவாரம் வழியாகத்தான் அதற்கு ரத்தம் போகிறது. அடிபட்டால் அந்த வழி அறுந்துபோகலாம். கசிந்த ரத்தம் பல்லின் உள்ளடுக்கில் ஊறி, நாளடைவில் சாம்பலாகவும் பழுப்பாகவும் தெரிகிறது. சிலருக்குச் சில வாரங்களில் தெரியும். சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது, "வலிதான் இல்லையே" என்பது. எனக்கு அச்சம் தரும் வார்த்தை அதுதான். நரம்பு செத்த பல் பல நேரம் வலிக்காமலே இருக்கும். வேர் நுனியில் சீழ் கட்டி, ஈறில் பரு போல ஒரு கொப்புளம் எழும்பி, உடைந்து, மறுபடி எழும்பும். அப்போதும் வலி இல்லாமலே இருக்கலாம். ஆகவே ஒரே ஒரு பல் மட்டும் நிறம் மாறியிருந்தால், வலிக்காகக் காத்திருக்காமல் அந்த வாரத்திலேயே காட்டிவிடுங்கள்.

காட்டியவுடன் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். குளிர்ச்சியை வைத்து நரம்புக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்போம், எக்ஸ்ரே எடுப்போம். அடிபட்ட புதிதில் கறுத்த பல் சில நேரம் தானே தேறிவிடுவதும் உண்டு. அதனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்வதில்லை. அந்தப் பையனின் பல்லில் நரம்பு செத்திருந்தது. வேர் சிகிச்சை செய்து, உள்ளிருந்தே வெளுக்க வைத்தோம். பல் அவன் வாயிலேயே இருக்கிறது. விளையாடும்போது இப்போது பல்லுக்குக் கவசமான கம் ஷீல்டு போட்டுக்கொள்கிறான். கால்பந்தும் குத்துச்சண்டையும் ஊறிப்போன நம் வடசென்னையில் எல்லாப் பிள்ளைகளும் அதைப் போட வேண்டும் என்பது என் ஆசை.

தவழ்ந்து எழுந்து நடக்கும் குழந்தை விழுந்து பால்பல் கறுத்தாலும் காட்டுங்கள். "விழப்போகிற பல்தானே" என்று விட்டுவிடாதீர்கள். அதன் வேருக்கு அருகில்தான் நிலைப்பல் வளர்ந்துகொண்டிருக்கிறது.

வரிசை முழுவதும் நிறம் மாறினால் அது வேறு கதை. தேநீர், வெற்றிலை, புகையிலை எல்லாம் வெளியே படியும் கறை. வயது ஏற ஏற பல்லின் மேலடுக்கான எனாமல் தேய்ந்து உள்ளிருக்கும் மஞ்சள் தெரிவதும் இயல்பு. குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தைச் சில வாரங்கள் பயன்படுத்தினாலும் பழுப்பு படியும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரத்தசோகைக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து டானிக்கால் பிள்ளையின் பல் கறுத்தது என்று மருந்தையே நிறுத்திவிடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். நிறுத்தாதீர்கள், அம்மா. அது மேலே ஒட்டும் கறைதான். சுத்தம் செய்தால் போய்விடும். டானிக் கொடுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். உறிஞ்சுகுழாயில் குடிக்கத் தெரிந்த பிள்ளையென்றால் இன்னும் நல்லது.

கறை போக வேண்டும் என்று அடுப்புக்கரி, செங்கல் தூள், உப்பு, எலுமிச்சை என்று தேய்க்கிறார்கள். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. பல் மருத்துவரிடம் சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும் என்று காசிமேட்டில் என்னிடம் சொல்லாத பாட்டி இல்லை. பல்லை ஆட வைப்பது ஈறோரம் கல்லாகப் படிந்த அழுக்குதான். அதை எடுக்கும்போது, அது மறைத்திருந்த ஆட்டம் தெரிகிறது.

நிறம் மாறிய பல்லோடு முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வாய் திறக்க, விழுங்க, மூச்சுவிடச் சிரமமானால் நள்ளிரவானாலும் ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்; விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

அரைநாள் கூலி போகிறதே, செலவு எவ்வளவு ஆகுமோ என்ற கவலையில் பலர் தள்ளிப்போடுவது எனக்குத் தெரியும். சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். எப்போது அடிபட்டது, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். நிறம் மாறியது தெரிந்த அந்தப் போட்டோ இருந்தால் அதையும் காட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.