ஒரு நாள் குறைந்தால் ஒரு வருடம் லாபம்: பேஸ்பால் டிரேடுகளின் கணக்கு

[திரையில்: நியூயார்க், சிட்டி ஃபீல்ட் மைதானம், 2015 ஜூலை 29]

நியூயார்க் மெட்ஸ் அணியின் வில்மர் ஃப்ளோரஸ் பேட்டை எடுத்துக்கொண்டு வருகிறார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது. அன்றைக்கு அவர் அப்படி ஒன்றும் சாதித்துவிடவில்லை. கேலரியில் இருந்தவர்கள் செல்போனில் ஒரு செய்தியைப் படித்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஃப்ளோரஸை மில்வாக்கி அணிக்குக் கொடுத்துவிட்டு கார்லோஸ் கோமெஸை வாங்கப் போகிறார்கள் என்பது செய்தி. ஆடிக்கொண்டிருந்த ஃப்ளோரஸுக்கு ஊரெல்லாம் தெரிந்த பிறகுதான் விஷயம் எட்டியது. வெனிசுவேலாவில் இருந்து 16 வயதில் இந்த அணிக்கு வந்த பையன் அவர். மறுபடி ஃபீல்டிங்குக்குப் போய் நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாடே டிவியில் பார்த்தது.

அப்புறம் கோமெஸின் இடுப்பு பற்றிய மருத்துவ அறிக்கையில் மெட்ஸுக்குத் திருப்தி இல்லாமல் பேரம் முறிந்தது. இரண்டு நாள் கழித்து அதே மைதானத்தில், 12வது இன்னிங்ஸில் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்து ஆட்டத்தை முடித்துவைத்தவர் அதே ஃப்ளோரஸ்தான். நல்ல கதை. ஆனால் ஒரு மனிதரை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இன்னொரு ஊருக்கு அனுப்பலாம் என்ற நிலைமை எப்படி வந்தது? எந்தக் கணக்கை வைத்து அனுப்புகிறார்கள்? இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

டிரேட் நமக்குப் புதிதல்ல. 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியபோது இங்கே எவ்வளவு பேச்சு! ஆனால் ஐபிஎல்லில் வீரர் சம்மதித்தால்தான் டிரேட். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் பெரும்பாலான வீரர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. இரண்டு அணிகளை நிர்வகிக்கும் ஜெனரல் மேனேஜர்கள் போனில் பேசி முடிப்பார்கள். வீரர் பெட்டியைக் கட்டுவார்.

ஒரு காலத்தில் இது இன்னும் மோசம். ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் பழைய அணிக்கே சொந்தம் என்று ஒரு விதி இருந்தது. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி கர்ட் ஃப்ளட் என்ற சென்டர் ஃபீல்டரை ஃபிலடெல்ஃபியாவுக்கு டிரேட் செய்தது. அவர் போக மறுத்தார். வாங்கவும் விற்கவும் நான் சரக்கு இல்லை என்ற பொருளில் லீக் ஆணையருக்குக் கடிதம் எழுதினார், வழக்கும் போட்டார். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே, 1971இலேயே, முடிந்துவிட்டிருந்தது. ஆனால் அவர் தட்டிய கதவு மூன்று வருடத்தில் திறந்தது. 1975 டிசம்பரில் அணிகளுக்கும் வீரர்களுக்கும் இடையே உள்ள தகராறுகளைத் தீர்க்கும் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர், ஒப்பந்தம் முடிந்த வீரர் எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று தீர்ப்பளித்தார். ஃப்ரீ ஏஜென்ட் முறை அங்கிருந்துதான் வளர்ந்தது.

சரி, இப்போதைய நிலைமைக்கு வருவோம். இன்றைக்கு ஒரு வீரர் ஃப்ரீ ஏஜென்ட் ஆக மேஜர் லீக்கில் ஆறு வருட சர்வீஸ் வேண்டும். முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்ச சம்பளத்தை ஒட்டியே ஆடுவார். அடுத்த மூன்று வருடம் ஆர்பிட்ரேஷன். அணி ஒரு தொகை சொல்லும், வீரர் ஒரு தொகை சொல்வார், ஒத்துவராவிட்டால் நடுவர் குழு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். நடுவில் ஒரு தொகை சொல்ல அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அதனால் இரு தரப்பும் அளவு மீறிக் கேட்கப் பயப்படும்.

ஆக, இந்த ஆறு வருடமும் நல்ல வீரர் ஒருவர் சந்தை விலையை விட மிக மலிவாகக் கிடைக்கிறார். டிரேடில் கைமாறுவது முக்கியமாக இந்த மலிவான வருடங்கள்தான். எத்தனை ஹோம் ரன் அடித்தார் என்பதை ரசிகர்கள் பார்ப்பார்கள். ஜெனரல் மேனேஜர் அதோடு சேர்த்து, அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆக இன்னும் எத்தனை வருடம் என்பதையும் பார்ப்பார். பல சமயம் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

[திரையில்: 172]

இந்த எண்ணைக் கவனியுங்கள். 172 நாள் மேஜர் லீக் ரோஸ்டரில், அதாவது அணியின் வீரர் பட்டியலில், இருந்தால் ஒரு வருட சர்வீஸ். சீசன் அதைவிடப் பத்துப் பதினைந்து நாள் நீளம். இந்த இடைவெளியில் புகுந்து விளையாடிய அணிகள் நிறைய. எல்லாரும் எடுத்துக்காட்டும் ஆள் சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையன்ட்.

2015 வசந்த காலப் பயிற்சி ஆட்டங்களில் பிரையன்ட் 9 ஹோம் ரன் அடித்தார். அந்தப் பயிற்சிக் காலத்தில் வேறு யாரும் அவ்வளவு அடிக்கவில்லை. இருந்தாலும் சீசன் தொடங்கும்போது அவரை மைனர் லீக்குக்கு, அதாவது கீழ்மட்ட லீக்குக்கு, அனுப்பினார்கள். ஃபீல்டிங் இன்னும் பழக வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். சீசன் ஏப்ரல் 5 அன்று தொடங்கியது. ஏப்ரல் 17 அன்று பிரையன்டை மேலே கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு நாளில் ஃபீல்டிங் பழகிவிட்டார் போலிருக்கிறது! அந்த வருட முடிவில் அவருடைய கணக்கில் இருந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு.

அந்த ஒரு நாளால் 2020 முடிவில் ஃப்ரீ ஏஜென்ட் ஆகியிருக்க வேண்டியவர் 2021 முடிவு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2015இல் சிறந்த புதுமுகம், 2016இல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது, அதே வருடம் 1908க்குப் பிறகு கப்ஸின் முதல் உலகத் தொடர் (சீசனின் இறுதிப் போட்டி) வெற்றி. இத்தனை செய்தவர் போட்ட புகாரும் 2020இல் தள்ளுபடியானது. விதியை மீறியதாக நிரூபிக்க முடியவில்லை. 2021 ஜூலையில், அந்த சீசனில் டிரேட் செய்வதற்கான கெடுவுக்கு முன்னால், கப்ஸ் அவரை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு அனுப்பி இரண்டு இளம் வீரர்களை வாங்கிக்கொண்டது. அதாவது ஆறு வருடத்துக்கு முன் பதுக்கிய ஒரு நாள்தான் அந்த இரண்டு பேரைக் கொண்டுவந்தது. எனக்குக் கேட்டால், சட்டப்படி சரி, நியாயப்படி தப்பு. லீகும் வீரர் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தத்தில் இதற்கு ஓரளவு மருந்து போட்டார்கள்: சிறந்த புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடங்களில் வந்தால், நாள் குறைந்தாலும் முழு வருடம் என்று கணக்கு.

இனி ரோஸ்டர். அன்றாடம் ஆடத் தகுதியுள்ளவர்கள் 26 பேர். செப்டம்பரில் 28. இவர்களையும் சேர்த்து 40 பேர் பட்டியல் ஒன்று உண்டு. தலைவலி முழுக்க இந்த நாற்பதில்தான். பட்டியலில் உள்ள இளம் வீரரை மைனர் லீக்குக்கு இறக்கி ஏற்ற அணிக்குப் பொதுவாக மூன்று வருட அனுமதி உண்டு, அதற்கு ஆப்ஷன் என்று பெயர். அது தீர்ந்தால் இறக்குவதற்கு முன் மற்ற 29 அணிகளும் அவரைத் தூக்கிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். இன்னொரு பக்கம், சில வருடம் ஆகியும் 40க்குள் சேர்க்கப்படாத இளைஞரை டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். ராபர்ட்டோ கிளெமென்ட்டேயை 1954இல் டாட்ஜர்ஸ் அணியிடம் இருந்து பிட்ஸ்பர்க் இப்படித்தான் கொத்திக்கொண்டு போனது.

அதனால் ஒரு அணி திறமையான பையனை விட்டுக்கொடுக்கிறது என்றால் உடனே முட்டாள்தனம் என்று சொல்லிவிடாதீர்கள். அவருக்கு வைக்க இடம் இல்லாமல் இருக்கலாம். ஒருவரைக் கொடுத்து மூவரை வாங்கினாலும் அந்த மூவருக்கு நாற்பதில் இடம் வேண்டும். பட்டியலில் சேர்க்கத் தேவையில்லாத 18, 19 வயதுப் பையன்களுக்கு டிரேடில் அவ்வளவு கிராக்கி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

[திரையில்: ஹுவான் சோட்டோ, மூன்று சீருடைகளில்]

இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க ஹுவான் சோட்டோ போதும். டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்தவர். 2018இல் 19 வயதில் வாஷிங்டன் நேஷனல்ஸுக்கு ஆட வந்தார், 2019இல் உலகத் தொடர் வென்றார். 2022இல் அணி 15 வருடத்துக்கு 440 மில்லியன் டாலர் தருவதாகச் சொன்னது. வேண்டாம் என்றார். கடைசி இடத்தில் கிடந்த அணி, கையை விட்டுப் போகப் போகும் வீரர். நேஷனல்ஸ் என்ன செய்யும்?

2022 ஆகஸ்ட் 2. ஃப்ரீ ஏஜென்ட் ஆக இன்னும் இரண்டரை வருடம் இருந்தபோதே சான் டியேகோ பாட்ரெஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். கூடவே ஜோஷ் பெல்லும் போனார். பதிலுக்கு வந்தவர்கள் மெக்கன்சி கோர், சி. ஜே. ஏப்ரம்ஸ், ராபர்ட் ஹாசல், ஜேம்ஸ் வுட், ஹார்லின் சுசானா என்ற ஐந்து இளைஞர்கள், அப்புறம் லூக் வாய்ட். இந்த வாய்ட் உள்ளே வந்ததற்கு ஒரு சின்னக் கதை. முதலில் பேசியது பாட்ரெஸின் எரிக் ஹாஸ்மரை. அவருடைய ஒப்பந்தத்தில் சில அணிகளுக்குப் போக மறுக்கும் உரிமை இருந்தது, அந்தப் பட்டியலில் வாஷிங்டனும் இருந்தது. மாட்டேன் என்றார். அவர் பாஸ்டனுக்குப் போனார், வாய்ட் பெட்டியைக் கட்டினார். தன் ஒப்பந்தத்தில் இப்படி எழுதி வாங்கியவருக்கும், பத்து வருடம் ஆடி அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்தவருக்கும் மட்டும்தான் மறுக்கும் உரிமை.

இரண்டரை வருடம் என்றால் மூன்று அக்டோபர், அதாவது பிளேஆஃபுக்கு மூன்று வாய்ப்பு. அதற்குத்தான் பாட்ரெஸ் அவ்வளவு பேரைக் கொடுத்தது. அதில் இரண்டைத்தான் அவர்கள் பயன்படுத்தினார்கள். 2022இல் லீக் இறுதிச் சுற்று வரை போய்த் தோற்றார்கள், 2023இல் பிளேஆஃபுக்கே போகவில்லை. சம்பளச் செலவைக் குறைக்க வேண்டிய நிலையில், 2023 டிசம்பரில் சோட்டோவையும் ட்ரென்ட் கிரிஷமையும் நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்தார்கள். வந்தவர்கள் நான்கு பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்), ஒரு கேட்சர். அதே சோட்டோதான், வயது 25. ஆனால் கையில் மிச்சம் ஒரே வருடம், அதற்கும் 31 மில்லியன் சம்பளம். முதல் தடவை கிடைத்த மாதிரி ஐந்து அருமையான இளைஞர்கள் இந்தத் தடவை கிடைக்கவில்லை.

வந்த பிட்சர்களில் ட்ரூ தார்ப் சான் டியேகோவுக்கு ஒரு பந்துகூடப் போடவில்லை. 2024 மார்ச்சில் அவரையும் சேர்த்துக் கொடுத்து சிகாகோ வைட் சாக்ஸிடம் டிலன் சீஸை வாங்கினார்கள். அந்த ஜூலையில் சீஸ் ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் முழு ஆட்டமும் வீசி ஜெயித்தார். எதிரே ஆடியது யார் தெரியுமா? வாஷிங்டன் நேஷனல்ஸ்!

சரி, ஒரு வருடம்தான் மிச்சம் இருக்கும் வீரரை வாங்குவது எப்போதும் நஷ்டமா? மூக்கி பெட்ஸைப் பாருங்கள். 2018இல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு உலகத் தொடர் வாங்கிக் கொடுத்தவர். பேஸ்பாலில் ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் ஒரு எல்லையைத் தாண்டினால் வரி. முதல் வருடம் தாண்டிய தொகையில் 20 சதவீதம், அடுத்த வருடமும் தாண்டினால் 30, மூன்றாவது வருடம் 50. ஒரு வருடம் எல்லைக்குள் இறங்கினால் மறுபடி முதலில் இருந்து. பாஸ்டன் 2018, 2019 இரண்டு வருடமும் தாண்டியிருந்தது. 2020 பிப்ரவரியில் பெட்ஸை லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பியது. டேவிட் பிரைஸ் என்ற பிட்சருக்கு இன்னும் 96 மில்லியன் பாக்கி. அவரையும் தலையில் கட்டி, பாதியைத் தானே கொடுப்பதாக ஒத்துக்கொண்டது. கிடைத்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். இதில் டவுன்ஸை 2022 டிசம்பரில் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டார்கள்.

டாட்ஜர்ஸ் அந்த ஒரு வருடத்தோடு நிற்கவில்லை. ஜூலையிலேயே 12 வருடத்துக்கு 365 மில்லியன் பேசி முடித்தார்கள். ஃப்ரீ ஏஜென்ட் ஆவதற்கு முன்பே அவரை வளைத்துப்போட்டதுதான் அந்த டிரேடின் வெற்றி. வரிக் கணக்கு என்று எவ்வளவு விளக்கம் சொன்னாலும், சொந்த அணியில் வளர்ந்த 27 வயது பெட்ஸை பாஸ்டன் போன்ற பணக்கார அணி விட்டது எனக்கு இன்றும் செரிக்கவில்லை.

[திரையில்: யாங்கீ ஸ்டேடியம், 2024 அக்டோபர் 30]

உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். யாங்கீஸில் சோட்டோ. டாட்ஜர்ஸில் பெட்ஸ். யாங்கீஸ் 5க்கு 0 என்று முன்னிலையில் இருந்து கோட்டைவிட்டது. எட்டாவது இன்னிங்ஸில் பெட்ஸ் தூக்கி அடித்த பந்து பிடிபட்டாலும், மூன்றாவது பேஸில் இருந்தவர் ஓடி வந்து சேர்ந்தார். 7க்கு 6, அதுதான் வெற்றி ரன். ஒன்பதாவது இன்னிங்ஸில் கடைசி ஆளாக பேட் செய்து ஸ்ட்ரைக் அவுட் ஆனவர் அலெக்ஸ் வெர்டூகோ. ஆமாம், பெட்ஸுக்குப் பதிலாக பாஸ்டன் வாங்கினார்களே, அவரேதான். இதற்குள் பாஸ்டன் அவரையும் யாங்கீஸுக்கு டிரேட் செய்திருந்தது.

சோட்டோவின் ஆறு வருடம் அன்றோடு முடிந்தது. டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் 15 வருடத்துக்கு 765 மில்லியன் டாலர் கொடுத்தது. வேண்டாம் என்று சொன்ன 440ஐ நினைத்துப் பாருங்கள். அவரை இழந்த யாங்கீஸுக்குக் கிடைத்தது, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு கூடுதல் தேர்வு.

2022இல் சோட்டோவுக்குப் பதிலாக நேஷனல்ஸுக்கு வந்தவர்களில் ஏப்ரம்ஸ் 2024இலும், கோரும் வுட்டும் 2025இலும் ஆல் ஸ்டார் ஆனார்கள். அணி மட்டும் 2019க்குப் பிறகு 2025 வரை ஒரு சீசனில்கூடத் தோல்வியை விட அதிக வெற்றி பெறவில்லை. ஏப்ரம்ஸின் ஆறு வருடம் 2028 சீசனோடு முடிகிறது, வுட்டுக்கு 2030. இந்த இரண்டு வருடங்களையும் குறித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜூலையும் வரும் வதந்திகளைப் படித்துப் பாருங்கள்.