எத்தனாவது டீ?

வணக்கம் நேயர்களே. சர்க்கரை நோய் வந்த பிறகு எங்களிடம் வருகிறவர்கள் நிறைய. இன்று நான் பேச நினைப்பது, அதற்கு ஒரு படி முன்னால் நிற்பவர்களைப் பற்றி. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 140க்கும் 199க்கும் நடுவில் இருக்கும். 'பார்டர்ல இருக்கு, பார்த்துக்கோங்க' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். எதைப் பார்த்துக்கொள்வது, எப்படி? வீட்டுக்குப் போய் நாலு நாளில் மறந்துபோகும்.

சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டு, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். இப்படிப் பார்டரில் இருந்த, வேலைக்குப் போகும் 537 ஆண்கள். எல்லாருக்கும் முதலில் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை. அப்புறம் பாதிப் பேருக்கு மட்டும் கைப்பேசியில் அடிக்கடி குறுஞ்செய்தி. அவரவர் மனம் எந்த அளவுக்குத் தயாராக இருக்கிறதோ, அதற்கு ஏற்ற செய்தி. இரண்டு ஆண்டுகளில், செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. செய்தி வந்தவர்களில் 18 சதவீதம்தான். சாதாரண பட்டன் ஃபோனுக்கும் வரக்கூடிய எஸ்எம்எஸ், அவ்வளவே! எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

என்னிடம் வரும் மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர், "நான் ஒண்ணும் அதிகமா சாப்பிடலையே டாக்டர்" என்பார். அவர் சொன்னது பொய் இல்லை. சரி, வாயில் போடுவதை எல்லாம் மூன்று நாள் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றேன். சோறு அளவாகத்தான் இருந்தது. ஆனால் கல்லாப்பெட்டி ஓரத்தில் ஒரு டீ டம்ளர், பக்கத்தில் அதே டம்ளர், மறுபடி அதே டம்ளர். ஒரு நாளைக்கு ஏழு! டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால் எழுபது கிராம் பக்கம் வரும். நான் ஒன்றும் சொல்லவில்லை. படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவர் தானே தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடி எண்ணும் கடிகாரம், கலோரி சொல்லும் செயலி எல்லாம் நல்லதுதான். ஆனால் உங்கள் வீட்டுக் குழம்புக் கரண்டியின் அளவு செயலிக்குத் தெரியாது. படம் போதும். வாரத்துக்கு ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து ஃபோனில் குறித்து வையுங்கள். எண்பது கிலோ இருப்பவர் ஐந்தரை கிலோ குறைத்தாலே பெரிய காரியம். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு வைத்த இலக்கே, எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட நடையும்தான். அந்த வழியில் போனவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது.

அண்ணாச்சி இப்போது மூன்று டீயில் நிற்கிறார், அதுவும் அரை ஸ்பூன் சீனியோடு. வெளியூரில் படிக்கும் மகள் தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு செய்தி அனுப்புகிறாளாம்: "அப்பா, இது எத்தனாவது டீ?"