நார்வேயில் ஒரு மேட்டுக்காடு

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. தறியை நிறுத்திவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பெரியவர்களுக்கென்று இந்த வருஷம் ஒரு வாசிப்புப் போட்டி. ஆளுக்குப் பன்னிரண்டு நாடு, நாட்டுக்கு ஒரு புத்தகம். எந்த நாட்டில் ஆரம்பிப்பது என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். நாட்டை விடுங்கள். உங்களுக்குத் தெரிந்த வேலை எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ அதை எடுங்கள்.

தோட்டம் வைத்திருப்பவர்கள் நார்வேக்குப் போங்கள். க்னுட் ஹாம்சன் 1917-இல் எழுதிய நாவலை க.நா.சு. 'நிலவளம்' என்று தமிழில் தந்திருக்கிறார். ஈசாக் என்று ஒரு ஆள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆளில்லாத மலங்காட்டுக்குள் தனியாக நடக்கிறான். இடம் பிடித்துப் போகிறது. குடிசை போடுகிறான், ஆடு வளர்க்கிறான், நிலத்தைத் திருத்துகிறான். வேலைக்குக் கைகொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று வழிப்போக்கர்களிடம் சொல்லி அனுப்புகிறான். உதடு பிளந்த இங்கெர் வந்து சேர்கிறாள். ஒரு கோடையில் மழை பொய்த்துப் பயிர் காய்கிறபோது ஓடைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்புகிறார்கள். காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த இடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. பனியும் குளிரும் மட்டும்தான் புதிது. ஹாம்சன் வயதான காலத்தில் ஹிட்லர் பக்கம் நின்றவர். அது தெரிந்தேதான் அவரைப் படிக்கச் சொல்கிறேன்.

அப்புறம் நைஜீரியா. சினுவா அச்சிபியின் 1958-ஆம் வருஷத்து நாவல், தமிழில் 'சிதைவுகள்'. அப்பன் சொத்து ஒன்றும் வைக்காத ஒகொங்க்வோ, ஊர்ப் பெரியவரிடம் எண்ணூறு வள்ளிக்கிழங்கு விதை கேட்டு வாங்குகிறான். வாரத்துக்குத்தான், விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கே அவனுக்கு. அந்த வருஷம் பார்த்து முதலில் வறட்சி, பிறகு விடாத மழை. வாரத்துக்கு ஓட்டியவர்கள் வீட்டில் இந்தப் பக்கங்களைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

வாத்தியார்களுக்கு 'முதல் ஆசிரியர்'. பழைய குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக்கும் ஒருவரின் கதை. இதில் ஒரு சங்கதி. மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகம் என்பதால் நம் அலமாரியில் இது ரஷ்யாவோடு கிடக்கிறது. எழுதிய சிங்கிஸ் ஐத்மாத்தவ் கிர்கிஸ்தான்காரர், கதை நடப்பதும் அங்கேதான். ஆகவே டால்ஸ்டாய்க்கு ரஷ்யா, இவருக்குக் கிர்கிஸ்தான் என்று தனித்தனியாகவே எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பெண் போடுகிறவர் மறுத்தால் என்னிடம் அனுப்புங்கள்.

ஆங்கிலத்தில் படிக்கலாமா என்றார் ஒரு தம்பி. தாராளமாக. பாதியில் அலுத்தால்? மூடிவிட்டு அதே நாட்டில் வேறொன்று எடுங்கள். இது பரீட்சை இல்லை.

சில நாடுகளுக்கு இங்கே புத்தகமே கிடைக்காது. அப்போது சும்மா திரும்பிப் போகாதீர்கள். 1948-இல் நூலகச் சட்டம் வந்தபோது சென்னை மாகாணக் கல்வி அமைச்சர் நம் திருப்பூர்க்காரர் அவினாசிலிங்கம் செட்டியார். அந்தச் சட்டத்தின்படிதான் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். வரி கட்டுகிறவர்கள் கேட்கலாம். இந்தப் புத்தகம் வேண்டும் என்று நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் அவருக்கும் மேலே அனுப்ப வழியில்லை. கூட்டம் முடிந்ததும் அந்த மேஜையில் வெள்ளைத்தாள் வைத்திருக்கிறேன். பேனா மட்டும் நீங்கள் கொண்டுவந்ததை எடுங்கள். போன கூட்டத்தில் என்னுடையது போனது போனதுதான்.