பாட்டு முடிந்ததும் என்ன பேசுகிறார்கள்?

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நெதர்லாந்தில் அனுமதி இல்லாமல் வானொலி நடத்துகிறவர்கள் இரவில் பாட்டை நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் பேசுவதை இணையத்தில் கேட்டேன். மொழி விளங்கவில்லை. அப்படி என்னதான் பேசுகிறார்கள்?" இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

1964இல் அனுமதி இல்லாமல் கப்பலிலிருந்து ஒலித்த ரேடியோ கரோலினைப் பற்றி முன்பே பேசியிருக்கிறோம். இவர்கள் வேறு ரகம், வீட்டிலிருந்தே ஒலிபரப்புகிறவர்கள். மத்திய அலையின் மேல் முனையில், 1,600 கிலோஹெர்ட்சுக்கு அப்பால், ஒருவர் நாலு பாட்டுப் போட்டுவிட்டு மற்றவரைக் கூப்பிடுவார். "நான் அங்கே எப்படிக் கேட்கிறேன்?" இதுதான் முதல் பேச்சு. தன் ரேடியோவில் அலையின் வலுவைக் காட்டும் முள் எதுவரை ஏறியது, இரைச்சல் உண்டா என்று மற்றவர் சொல்வார். பிறகு ஏரியல், வால்வு, மழை, வீட்டுக் கதை. ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் வாய் திறப்பார். இருவரும் ஒன்றாக அனுப்பினால், அலைவரிசைகளுக்கு இடையிலுள்ள சிறு வித்தியாசமே விசிலாகக் காதைத் துளைக்கும்.

அந்த முள் லேசில் ஏறாது. ஒரு படி ஏற நான்கு மடங்கு வலு வேண்டும். 100 வாட்டை 400 ஆக்கினாலும் ஒரு படிதான். அதனால் கெட்டிக்காரர்கள் ஏரியலைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். 1,650 கிலோஹெர்ட்சில் அலைநீளத்தின் கால் பங்குக்கே 45 மீற்றர் கம்பி வேண்டும். அதை வளவுக்குள் எப்படி மடக்கிக் கட்டுவது என்று பேசியே ஓர் இரவு போய்விடும்.

எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது: கேட்கிறவர்தான் பாதி வானொலி. 1990களில் வன்னிக்குள் பற்றரி வரத் தடை. மின்சாரமும் இல்லை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவை டயரில் அழுத்தி, ஒருவர் மிதிக்க, சுற்றி இருந்தவர்கள் பிபிசி தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் கேட்டார்கள். டைனமோவிலிருந்து வருவது மாறுதிசை மின்னோட்டம். அதை டயோடும் மின்தேக்கியும் வைத்து நேராக்கிக் கொடுத்தவர்கள் நம் ஊர்ப் பொடியன்கள். மிதிக்கிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும். உடனே அடுத்தவர் ஏறி மிதிப்பார். அம்மப்பாவிடம் கேளுங்கள் தம்பி, இதைவிட நன்றாகச் சொல்வார்.

"ஏன் இரவில்?" என்றும் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பகலில், வானத்தில் உயரே மின்னேறிக் கிடக்கும் அயன மண்டலத்தின் கீழ்ப்படை மத்திய அலையை உறிஞ்சிவிடும். பொழுது பட்டதும் அது கரைந்துபோக, மேற்படைகள் அலையைத் திருப்பித் தூரத்துக்கு அனுப்பும். இன்றிரவே ஒரு பழைய ரேடியோவைத் திருகிப் பாருங்கள். பகலில் மூச்சுக் காட்டாத இந்திய நிலையங்கள் வரும்.

பேசவும் ஆசை என்றால் அனுமதியோடு பேசுங்கள். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நடத்தும் பரீட்சையில் சித்தியடைந்தால் அமெச்சூர் வானொலி உரிமம் எடுக்கலாம். 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு மல்லாவியிலிருந்தே நெதர்லாந்தைக் கூப்பிடலாம். பாட்டுப் போட மட்டும் அதில் இடமில்லை.