போன ரத்தம் திரும்பி வந்த கணக்கு

ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம். இதயத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். காரைக்குடியில், அதுவும் இப்படி ஒரு வளவில் உட்கார்ந்துகொண்டு, கணக்கிலிருந்து தொடங்காவிட்டால் நன்றாக இருக்காது. ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று உலகம் ஒப்புக்கொண்டதே ஒருவர் வரவு செலவு போட்டுப் பார்த்ததால்தான்.

அதற்கு முன் சுமார் 1,400 ஆண்டுகள் மேல்நாட்டு வைத்தியத்தில் காலன் என்ற கிரேக்க வைத்தியர் வைத்ததுதான் சட்டம். சாப்பாட்டிலிருந்து ஈரல் ரத்தத்தை உண்டாக்குகிறது, அது உடம்பெங்கும் போய் அங்கங்கே செலவாகிவிடுகிறது என்றார். நம் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். மடையைத் திறந்தால் தண்ணீர் வயலுக்குப் போகும், வயல் குடித்துவிடும். போன தண்ணீர் கண்மாய்க்குத் திரும்புவதில்லை. காலன் ஒன்றும் முட்டாள் இல்லை. பார்வைக்கு அப்படித்தான் தெரியும்.

லண்டனில் வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர் உட்கார்ந்து ஐந்தொகை போட்டார். இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது, அரை மணிக்கு எத்தனை துடிப்பு என்று பெருக்கினார். வேண்டுமென்றே குறைத்துத்தான் வைத்துக்கொண்டார். அப்படியும் உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகம் வந்தது. இன்றைய கணக்கில் சொன்னால், ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு, ஆக ஏறத்தாழ 5 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 300 லிட்டருக்குப் பக்கம். எந்த ஆச்சி எவ்வளவு பலகாரம் சுட்டுப் போட்டாலும் ஈரலால் மணிக்கு 300 லிட்டர் உண்டாக்க முடியுமா? செலவு இவ்வளவு என்றால் வரவு எங்கே? போனதே திரும்பி வந்தால்தான் கணக்கு நேராகும். 1628-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார். முதல் வெறும் 5 லிட்டர். அதையே நிமிடத்துக்கு ஒரு தரம் புரட்டிக்கொண்டிருக்கிறது உடம்பு. பர்மாவுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்கப் போன ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதயம் நான்கு அறை உள்ள வீடு. மேலே இரண்டு, கீழே இரண்டு. வலது பக்கம் உடம்பிலிருந்து வந்த ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது பக்கம் அங்கே காற்று வாங்கி வந்ததை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனுப்புகிறது. நுரையீரல் அடுத்த வீடு, உடம்போ அயலூர். அதனால் இடது கீழறையின் சுவர் வலதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனம். நான்கு கதவுகள், அவைதான் வால்வு. நம் நிலைக்கதவு போலத் தாழ்ப்பாள் கிடையாது. முன்னால் போகும் ரத்தம் தள்ளித் திறக்கும், பின்னால் வர நினைக்கும் ரத்தமே அடித்துச் சாத்தும். டாக்டர் குழலை வைத்து ‘லப், டப்’ என்று கேட்பது இந்தக் கதவுகள் சாத்தும் சத்தம்.

‘ஓயாமல் உழைக்கும் இதயம்’ என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அது சரியில்லை. ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி என்றால், கீழறைகள் சுருங்குவது ஏறத்தாழ 0.3 வினாடி, மீதி 0.5 வினாடி தளர்ந்திருக்கின்றன. அறுபது வயது அண்ணனின் இதயம் 35 வருஷத்துக்கு மேல் ஓய்வில் இருந்திருக்கிறது! அந்த ஓய்வில்தான் அது சாப்பிடவும் செய்கிறது. சுருங்கும்போது தன் சுவருக்குள் ஓடும் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்வதால், இடது கீழறையின் தசைக்குப் பெரும்பாலும் தளர்ந்த நேரத்தில்தான் ரத்தம் கிடைக்கிறது. பந்தி முடிந்த பிறகு சமையலாட்கள் இலை போடுவார்களே, அதுதான்.

யார் சொல்லித் துடிக்கிறது? வலது மேலறையில் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் என்று உப்பின் துகள்கள் உள்ளும் வெளியும் போய்வருவதில் தானே மின்சாரம் உண்டாக்குகிறது. 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரில் இருப்பதை எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். அதைவிடப் பழையது ஒன்றை ஆளுக்கொன்று நெஞ்சுக்குள் வைத்திருக்கிறோம்.

இனி எனக்குப் பிடித்த இடம். முன்வரிசை அண்ணன் கொஞ்சம் வாருங்கள். மெலிந்த கை, நரம்பு நன்றாகத் தெரிகிறது. நரம்பு என்கிறேன் பாருங்கள்! டாக்டர்களே ‘நரம்பில் ஊசி’ என்கிறோம். இது நரம்பில்லை, சிரை; ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாய். முழங்கைக்கு மேலே துண்டைக் கட்டுகிறேன். இறுக்கமில்லை, பயப்படாதீர்கள். உள்ளே இருக்கும் தமனி வழியாக ரத்தம் கைக்கு வருகிறது, மேலோட்டமான சிரை வழியாகத் திரும்ப முடியவில்லை. புடைக்கிறது. நடுநடுவே முடிச்சு முடிச்சாகத் தெரிகிறதா? அவை சிரைக்குள் இருக்கும் கதவுகள். ஹார்விக்குப் பாடம் எடுத்த இத்தாலிய ஆசிரியர் ஃபாப்ரிசியஸ் இவற்றைப் பார்த்து எழுதியும் வைத்தார். எதற்காக என்பதில் தவறிவிட்டார். இப்போது ஒரு விரலால் இங்கே அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் தோள் பக்கமாக, முடிச்சைத் தாண்டி வழிக்கிறேன். நடுவில் குழாய் வெறுமையாகிவிட்டது. மேலிருந்து ரத்தம் இறங்கவில்லை பார்த்தீர்களா? கதவு விடவில்லை. கீழ்விரலை எடுக்கிறேன்... நிறைந்துவிட்டது. நன்றி அண்ணே, துண்டை அவிழ்த்துவிடுகிறேன்.

ஹார்விக்கு ஓர் இடத்தில் மட்டும் கணக்கு துண்டு விழுந்தது. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று அவர் கண்ணால் காணவில்லை. 1657-ல் காலமானார். நான்கே ஆண்டில், 1661-ல், இத்தாலிய மருத்துவர் மல்பீகி தவளையின் நுரையீரலில் மயிரிழையினும் மெல்லிய தந்துகிகளைக் கண்டார். சிவப்பணு ஒவ்வொன்றாக வரிசையில் நுழையும் சந்து அது.

அந்தச் சந்தைத் தாண்டியதும் ரத்தத்தின் வேகமும் அழுத்தமும் தேய்ந்துவிடும். பாதத்திலிருந்து நெஞ்சுக்கு நாலடி ஏற வேண்டும். இதயம் தள்ளியது போதாது. நடக்கும்போது கெண்டைச்சதை சுருங்கிச் சிரையைப் பிழிகிறது, கதவுகள் கீழே இறங்க விடாமல் பிடித்துக்கொள்கின்றன. கல்யாண வீட்டு அடுப்படியில் விடிய விடிய நின்ற இடத்திலேயே நிற்பவர்களின் காலில் அந்தப் பிழிதல் இல்லை. ரத்தம் தேங்குகிறது. நாளாவட்டத்தில் கதவு தளர்ந்து, சிரை நீலமாகச் சுருண்டு நிற்கிறது. என் அப்பத்தாவுக்கு அப்படித்தான். ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நான் மருத்துவம் படித்து வந்த பிறகும் அதையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

முக்கால் மணி நேரமாக எல்லாரும் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டாங்கட்டில் காப்பி ஆற்றிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லி வைத்தேன். எழுந்து நடந்துபோய் வாங்கிக்கொள்ளுங்கள்.